உளவியற் கல்வியும் தொழிலும்: ஒரு வரலாற்று நோக்கு

உளவியலைப் பல்கலைக்கழகத்திற் பயின்றால் எத்தொழில் கிடைக்கும் என்ற வினா மாணவரிடையே இயல்பாகவே எழுகின்றது. சிகிச்சை உளவியலாளர், பாடசாலை உளவியலாளர், உளவளத்துணையாளர், ஆளணித் தெரிவு அலுவலர் எனப் பட்டியலொன்றை விடையாகத் தருதல் எளிது. ஆயின், அத்தொழில்கள் எவருடைய தேவையால் தோன்றின என வினவும்போதே அப்பட்டியலின் சமூகப் பொருள் புலப்படும்.

1879இல் வில்ஹெல்ம் வூண்ட் லைப்சிக் பல்கலைக்கழகத்தில் ஆய்வுகூடம் நிறுவியபோது உளவியல் மெய்யியலின் ஒரு கூறாகவே பயிலப்பட்டது. வூண்டும் மெய்யியற் பேராசிரியரே. அங்கு பயின்றோருக்குப் பெரும்பாலும் ஆசிரியப் பணியே வாழ்வுக்கு வழியாயிருந்தது.

இந்நிலையை மாற்றியது துறையின் அகவளர்ச்சி மட்டுமன்று. வூண்டின் மாணவரான ஹியூகோ மூன்ஸ்ரர்பேர்க் அமெரிக்காவின் ஹாவார்ட் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, ட்ராம் சாரதிகளைத் தெரிவு செய்வதற்கான சோதனைகளை வகுத்தார். கைத்தொழிற்றிறன் பற்றி 1913இல் அவர் வெளியிட்ட நூல், வேலைக்கேற்ற ஆளையும் ஆளிடமிருந்து பெறத்தக்க உச்ச உழைப்பையும் ஆராய்ந்தது. முதலாளியின் வினாக்களே ஆய்வாளனின் வினாக்களாயின. 1917இல் அமெரிக்கா உலக யுத்தத்தில் இறங்கியதும், றொபேட் யேர்க்ஸ் தலைமையிலான குழுவினர் ஏறத்தாழ 17 இலட்சம் படையினரின் நுண்மதியைச் சோதித்தனர். 1920இல் பல்கலைக்கழகத்தை நீங்கிய ஜோன் வொட்சன் விளம்பர நிறுவனமொன்றிற் சேர்ந்தார். தொழிற்சாலை, படைமுகாம், சந்தை ஆகிய மூன்றும் உளவியலாளரின் வேலைத்தலங்களாயின.

ஜேர்மனியின் அனுபவம் இதனை மேலும் தெளிவாக்குகின்றது. 1933இல் நாசிகள் ஆட்சிக்கு வந்ததும், யூதரான வில்லியம் ஸ்ரேர்ண் ஹம்பேர்க் பல்கலைக்கழகத்திலிருந்து நீக்கப்பட்டார். மக்ஸ் வெர்தைமர் நாட்டை விட்டு வெளியேறினார். இத்தகைய அறிஞரை இழந்த அதே துறைக்கு, 1941இல் தொழில்முறைப் பட்டத்துக்கான தேர்வு விதிகளை அரசு வழங்கியது. அதிகாரிகளைத் தெரிவு செய்வதற்கு இராணுவத்துக்கு உளவியலாளர் தேவைப்பட்டமை இதற்கான முக்கிய காரணங்களுள் ஒன்றாகும். தொழில் அந்தஸ்தும் அறிவு மேன்மையும் ஒன்றல்ல என்பதற்கு இது தக்க சான்றாகும்.

இரண்டாம் உலக யுத்தத்தின் பின்னர், உளக்காயமுற்ற படையினரைக் குணப்படுத்தும் தேவை அமெரிக்காவில் எழுந்தது. முன்னாட் படையினருக்கான அரச நிருவாகம் 1946இல் சிகிச்சை உளவியலாளரைப் பயிற்றத் தொடங்கியது. சிகிச்சையாளர் ஆய்வாளராகவும் இருத்தல் வேண்டும் என 1949இல் போல்டர் நகரிற் கூடிய மாநாடு வகுத்தது.

இவற்றைக் கொண்டு உளவியலை ஆளும் வர்க்கத்தின் வெறுங் கருவி என முடிவுகட்டுவது இயந்திரப் பாங்கான நோக்காகும். மாமி கிளார்க், கெனத் கிளார்க் ஆகிய கறுப்பின உளவியலாளர், பொம்மைகளைக் கொண்டு சிறுவரிடையே நடத்திய ஆய்வுகள் இனப்பிரிப்பின் கொடுமையை வெளிப்படுத்தின. அரச பாடசாலைகளில் இனப்பிரிப்பு அரசியலமைப்புக்கு முரணானது என 1954இல் தீர்ப்பளித்த அமெரிக்க உயர் நீதிமன்றம், கெனத் கிளார்க்கின் ஆய்வையும் மேற்கோள் காட்டியது. மனிதரைத் தரம்பிரிக்கப் பயன்பட்ட துறையே, தரம்பிரித்தலுக்கு எதிரான சான்றையும் வழங்கிற்று. இம்முரண்பாடு இன்னும் தீரவில்லை. கைதிகள் மீதான கொடிய விசாரணைகளில் உளவியலாளர் சிலர் பங்கெடுத்தமை அம்பலமான பின்னர், தேசிய பாதுகாப்பு விசாரணைகளில் தன் உறுப்பினர் பங்கேற்பதை அமெரிக்க உளவியற் சங்கம் 2015இல் தடைசெய்ய நேர்ந்தது.

பிழைப்புக்கு வழி தேடும் மாணவரை நாம் குறைகூறவியலாது. ஆயின், தாம் கற்ற சோதனையை எவருக்காக, எவர்மீது பிரயோகிக்கப் போகின்றோம் என்ற வினாவை எழுப்பாத பாடத்திட்டம் ஊழியரை உருவாக்குமேயன்றி உளவியலாளரை உருவாக்காது.