உலர்ந்த காய்கறியும் உயிர்ச்சத்தும்

காய்கனிகளை வெயிலில் உலர்த்திக் காக்கும் வழக்கம் மிகத் தொன்மையானது. வெயிலை நம்பாது, வெப்பக்காற்றால் அவற்றைப் பெருமளவில் உலர்த்தும் முறையைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் பிரான்சு நாட்டின் மாசோன் என்பார் செம்மைப்படுத்தினார். சீவிய காய்கறி வெப்ப அறையில் உலர்ந்து, அழுத்தப்பொறியில் இறுகிக் கட்டியாயிற்று. சிறு கட்டிதான், வெந்நீரிலிட்டாலோ பன்மடங்கு பெருகும்.

அமெரிக்க உள்நாட்டுப் போரில் (1861–1865) வடபுலப் படையினர்க்கு இத்தகைய கட்டிகள் வழங்கப்பட்டன. வயிற்றை நிரப்புவது மட்டுமன்று நோக்கம். ஈறு வீங்கிக் குருதி கசியும் ஸ்கர்வி நோயைத் தடுப்பதே முதன்மையானது. வீரர்களோ, உலர்த்திய காய்கறி எனப் பொருள்படும் ஆங்கிலப் பெயரில் ஓரிரு ஒலிகளைத் திரித்து, அதனைத் 'தீட்டுப்பட்ட காய்கறி' என்று எள்ளினர். சுவைக்குறையினும் பெரிய குறை ஒன்று அதில் மறைந்திருந்தது. அந்நோயைத் தடுக்கும் உயிர்ச்சத்து 'சி' வெப்பத்தாலும் காற்றாலும் சிதையும் இயல்பினது; உலர்த்துகையிலும் நெடுநேரம் வேகுகையிலும் அதன் பெரும்பகுதி அழிந்தது. படை மருத்துவர்களைக் குறைகூறுவதற்கில்லை. அச்சத்து இன்னதென உறுதிப்பட்டதே 1932இல்தான்.

இன்றைய வீட்டு மின்உலர்த்தியில், விசிறி ஏறக்குறைய 55 முதல் 60 பாகை வெப்பக்காற்றைத் தட்டுகளினூடே செலுத்துகிறது. காய்கறிகள் பலவற்றை முதலில் கொதிநீரில் சிறிது இட்டெடுப்பர். நிறத்தையும் மணத்தையும் கெடுக்கும் நொதிகள் அதனால் செயலிழக்கும். கொத்தவரங்காயை உப்புநீரில் அரைவேக்காடாக்கி வற்றலிடும் தமிழ்க் குடும்பங்கள் இதற்கென ஆய்வுக்கூடத்தை எதிர்பார்த்திருக்கவில்லை. ஆயினும் உயிர்ச்சத்து 'சி' மட்டும், வெயிலாயினும் மின்பொறியாயினும், குறையவே செய்கிறது.