படகு மோட்டார் ஸ்டார்ட் ஆகலையா? பழைய டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் முதலில் எதைப் பார்க்கணும்?

2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையும் புறநகரும் மூழ்கியபோது, தெருக்களுக்குள் படகு ஓட்டி வந்து மக்களை மீட்டவர்களில் மீனவர்களும் உண்டு. உத்திரமேரூர் பக்கத்து மானாம்பதி போன்ற ஊர்களில் ஏரி உண்டு, கடல் கிடையாது. 2019-ல் செங்கல்பட்டு தனி மாவட்டமானதும், காஞ்சிபுரம் மாவட்டத்துக்குக் கடற்கரையே இல்லாமல் போனது. இங்கே வெள்ளம் வந்தால், மீனவர் படகு கோவளம், மாமல்லபுரம் பக்கமிருந்து லாரியில்தான் வர வேண்டும். அப்படி வந்து இறங்கிய படகின் மோட்டார் ஸ்டார்ட் ஆகவில்லை என்றால்?

பழைய டூ-ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டாரில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை பெட்ரோல், தீப்பொறி, குளிர்விக்கும் தண்ணீர் ஆகிய மூன்றில் அடங்கிவிடும். மழைக்காலத்துக்கு முன்பே இவற்றைச் சரிபார்ப்பது நல்லது.

ஆயில் எவ்வளவு ஊத்தணும்?

டூ-ஸ்ட்ரோக் இன்ஜினில் ஆயிலுக்குத் தனி இடம் கிடையாது. பெரும்பாலான பழைய மோட்டார்களில் பெட்ரோலோடு கலந்து ஊற்றும் ஆயில்தான் பிஸ்டனைக் காப்பாற்றுகிறது. பல மோட்டார்களுக்கு 50:1 கணக்கு, அதாவது 10 லிட்டர் பெட்ரோலுக்கு 200 மில்லி. இன்னும் பழைய சில மாடல்களுக்கு 25:1, அதாவது 400 மில்லி. உங்கள் மாடலுக்கு எது என்பதை மேனுவலில் பாருங்கள். குறைந்தால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். கூடினால் பிளக் கரி பிடிக்கும்.

முதுகில் மாட்டும் மருந்தடிக்கும் மிஷினும் டூ-ஸ்ட்ரோக்தான். ஆனால் அது காற்றில் குளிர்வது. அதற்கு வாங்கிய ஆயிலைப் படகு மோட்டாருக்கு ஊற்றக் கூடாது. தண்ணீரில் குளிரும் மோட்டாருக்கு ‘டிசி-டபிள்யூ3’ என்று டப்பாவில் போட்டிருக்கும் ஆயில்தான் சரி.

பழைய பெட்ரோல் என்ன செய்யும்?

இப்போது பங்க்குகளில் கிடைப்பது பெரும்பாலும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். எத்தனால் ஈரத்தை இழுக்கும். டேங்கில் தண்ணீர் அதிகம் சேர்ந்தால், அது எத்தனாலோடு சேர்ந்து பிரிந்து அடியில் தங்கிவிடும். அந்தத் தண்ணீரில் ஆயில் இருக்காது. மோட்டார் முதலில் உறிஞ்சுவதும் அதைத்தான். பழைய ரப்பர் டியூப்களையும் எத்தனால் கெடுக்கும். அதனால் தேவையான அளவு மட்டும் புதிதாகக் கலக்குங்கள். வெடிப்பு விட்ட டியூபை மாற்றிவிடுங்கள்.

கயிறு இழுத்தும் ஸ்டார்ட் ஆகலையா?

இந்த வரிசையில் பாருங்கள்:

1. மோட்டாரை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றின் கிளிப் மாட்டியிருக்கிறதா? கியர் நியூட்ரலில் இருக்கிறதா?

2. டேங்க் மூடியில் உள்ள காற்றுத் திருகு திறந்திருக்கிறதா? மூடியிருந்தால் மோட்டார் கொஞ்ச நேரம் ஓடி நின்றுவிடும்.

3. பெட்ரோல் டியூபில் உள்ள ரப்பர் பந்தை அழுத்துங்கள். கெட்டியாகவில்லை என்றால், எங்கோ காற்று கசிகிறது.

4. பிளக்கைக் கழற்றுங்கள். நனைந்திருந்தால் பெட்ரோல் அதிகம் ஏறியிருக்கிறது. துடைத்து, சற்று உலரவிட்டு மாட்டுங்கள். காய்ந்திருந்தால் பெட்ரோல் வரவில்லை. ஃபில்டர், கார்புரேட்டரைப் பாருங்கள். பழுப்பு நிறம் நல்லது. வெள்ளையாக இருந்தால் சூடு அதிகம்.

5. தீப்பொறி வருகிறதா என்று பார்க்கும்போது, பக்கத்தில் பெட்ரோல் வாடைகூட இருக்கக் கூடாது.

தண்ணி பீய்ச்சுதா?

ஓடும் மோட்டாரின் பக்கவாட்டுத் துளையிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அடிக்க வேண்டும். அது நின்றால் உடனே ஆஃப் செய்துவிடுங்கள். ‘இன்னும் கொஞ்ச தூரம்தானே’ என்று ஓட்டினால் இன்ஜின் போய்விடும். முதலில் துளையை மெல்லிய கம்பியால் குத்திப் பாருங்கள். பிறகு அடிப்பகுதியில் தண்ணீர் உறிஞ்சும் சல்லடையைப் பாருங்கள். வெள்ளத்தில் பிளாஸ்டிக் பையும் வைக்கோலும் அடைப்பது இங்கேதான். இரண்டும் சரியாக இருந்தால், தண்ணீர் பம்பின் ரப்பர் இறக்கை தேய்ந்திருக்கலாம். தண்ணீர் இல்லாமல் கரையில் மோட்டாரை ஓட்டிப் பார்த்தால் அந்த ரப்பர் சீக்கிரமே கருகிவிடும்.

ஓடுது, ஆனா படகு நகரலையா?

மோட்டாரை நிறுத்திவிட்டு புரொப்பல்லரைப் பாருங்கள். துணியோ கயிறோ சுற்றியிருக்கலாம். சிறிய மோட்டார்களில், எதிலாவது மோதினால் கியரைக் காப்பாற்ற ஒரு சின்ன பின் தானாகவே உடையும். உபரி பின்னும் ஒரு பிளக்கும் படகில் எப்போதும் இருக்கட்டும்.

வேலை முடிந்ததும்

உப்புத் தண்ணீரிலோ சேற்றிலோ ஓடிய மோட்டாரை, நல்ல தண்ணீர் நிரப்பிய டிரம்மில் இறக்கி 10 நிமிடம் ஓடவிடுங்கள். பிறகு பெட்ரோல் டியூபைக் கழற்றி, கார்புரேட்டர் காலியாகும் வரை ஓட்டி நிறுத்துங்கள். மண்ணெண்ணெயில் ஓடும் மாடல் என்றால், நிறுத்தும் முன் பெட்ரோலுக்கு மாற்றிச் சற்று ஓட்டுவது அவசியம். கியர் ஆயில் பால் நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. சீல் மாற்ற வேண்டும்.

மோட்டார் தண்ணீரில் மூழ்கிவிட்டால் கயிற்றை இழுத்துக்கொண்டே இருக்காதீர்கள். நல்ல தண்ணீரில் கழுவி, பிளக்கைக் கழற்றி உள்ளே போன நீரை வடித்து, அன்றைக்கே மெக்கானிக்கிடம் கொண்டுபோங்கள். ஓடிக்கொண்டிருக்கும்போது மூழ்கியது என்றால் உள்ளே ராடு வளைந்திருக்கலாம். அதை நீங்களாக ஸ்டார்ட் செய்யவே கூடாது.