மூடப்பட்ட வாசிப்பறை: கூகிள் ரீடருக்கு மாற்றுத் தேடிய நாட்கள்

2013 மார்ச் 13 அன்று கூகிள் நிறுவனம் ஓர் அறிவிப்பை வெளியிட்டது. 2005 அக்டோபர் முதல் இயங்கிவந்த கூகிள் ரீடர், ஜூலை 1 அன்று நிறுத்தப்படும் என்றது அது. பயன்பாடு ஆண்டுதோறும் குறைந்து வருவதே காரணம் எனச் சொல்லப்பட்டது. அன்றாடம் அதன் வழியே வாசித்துப் பழகிய நம்மைப் போன்றோருக்கு மூன்றரை மாத அவகாசம் கிடைத்தது.

இளைய தலைமுறைக்காக ஒரு சொல். ஒரு தளம் தான் புதிதாக வெளியிடுபவற்றின் தலைப்பையும் சுட்டியையும் ஒரு சிறு கோப்பில் எழுதி வைக்கும். அதுவே செய்தியோடை. வாசிப்பான் அக்கோப்பை அவ்வப்போது பார்த்துப் புதியவற்றை எடுத்துவரும். நூறு தளங்களுக்கு நாம் அலைய வேண்டியதில்லை. நூறும் ஓரிடத்தில் வந்து சேரும். 1999இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தில் பிறந்த ஆர்.எஸ்.எஸ் என்னும் இவ்வடிவம் பின்னர் எவரும் தடையின்றிப் பயன்படுத்தும் பொதுவழியாயிற்று.

வழி பொதுவாக இருந்தும் சத்திரம் ஒன்றாகிப் போனதுதான் சிக்கல். 2003இல் தொடங்கிய பிளாக்லைன்ஸ் ஒரு காலத்தில் முன்னணியில் நின்றது. 2010இல் அதன் உரிமையாளரே அதனை மூடப்போவதாக அறிவித்தார். தனித்து நின்ற நெட்நியூஸ்வயர் போன்ற செயலிகளும் 2009 முதல் கணினிகளுக்கிடையே ஒத்திசைவுக்குக் கூகிள் ரீடரையே நம்பின. எனவே மூடல் அறிவிப்பு வந்தபோது, கூகிளின் பக்கத்தையே திறந்திராதவர்களின் வாசிப்பும் ஆட்டங்கண்டது.

இந்த இழப்பை முன்னதாகவே சுவைத்தவர்கள் ஈரானியர். அங்கே பல வலைப்பதிவுகள் அரசின் தடைக்கு உள்ளாகியிருந்தன. ஆனால் செய்தியோடையின் உள்ளடக்கம் கூகிளின் வழங்கியிலிருந்து மறையாக்கம் பெற்று வந்ததால், தடையிட்ட பதிவையும் ரீடருக்குள் படிக்க முடிந்தது. அவர்கள் அதனைச் செல்லமாகக் 'கூதர்' என்றழைத்தனர். பிடித்த பதிவைப் பகிர்ந்து, அதன் கீழ் உரையாடினர். 2011 அக்டோபரில் கூகிள் தன் புதிய சமூக வலைத்தளத்துக்கு இடந்தர அப்பகிர்வு வசதியை நீக்கியபோது, ஈரானிய வாசகர்கள் முறையிட்டு மனு எழுதினர். பலனில்லை. வாசிப்பான் இருந்தது, வாசகர் கூடும் திண்ணை போயிற்று. நம்மைப் பொறுத்தவரை, ரீடரின் உண்மையான முடிவு அன்றே தொடங்கிவிட்டது.

2013இல் மாற்றுத் தேடியவர்களுக்குக் கைகொடுத்தது ஓ.பி.எம்.எல் என்னும் எளிய பட்டியல் கோப்பு. நாம் பின்தொடரும் தளங்களின் முகவரிகள் அனைத்தும் அதில் அடங்கும். அதைத் தரவிறக்கி வேறொரு வாசிப்பானில் ஏற்றினால் போதும், சில நிமிடங்களில் குடிபெயர்ந்துவிடலாம். அறிவிப்பு வந்த 48 மணி நேரத்தில் ஐந்து இலட்சம் பேர் தம்மிடம் வந்ததாக ஃபீட்லி தெரிவித்தது. ஒற்றை நிரலாளர் நடத்திய நியூஸ்பிளர் திடீர்க் கூட்டத்தால் திணறியது. பகிர்வு வசதி நீக்கப்பட்ட மனக்குறையில் பிறந்த தி ஓல்ட் ரீடர், ஜூலை இறுதியில் பொதுமக்களுக்குக் கதவடைப்பதாக அறிவித்து, புதிய பொறுப்பாளர்கள் கிடைத்ததால் பிழைத்தது. ரீடருக்கு மாற்றாகவே 2013 ஜூனில் வந்த டிக் ரீடரோ 2018 மார்ச்சில் மூடப்பட்டது. அங்கே குடியேறியவர்கள் அதே பட்டியலைச் சுமந்துகொண்டு மறுபடியும் புறப்பட்டனர்! கட்டணம் கேட்டதற்காக நாம் அன்று ஒதுக்கிய நியூஸ்பிளர் அதன் பின்னும் நிலைத்திருந்தது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

பட்டியல் பெயர்ந்தது; கூகிள் சேமித்து வைத்திருந்த பழைய இடுகைகள் பெயரவில்லை. எழுதியவர் கைவிட்டுத் தளமே அழிந்துபோன வலைப்பதிவுகளின் எழுத்துகள்கூட ரீடரின் கிடங்கில் இருந்தன. ஆர்க்கைவ் டீம் என்னும் தன்னார்வலர் குழு, இறுதி வாரங்களில் அவற்றுள் இயன்றதையெல்லாம் நகலெடுக்க ஓடியாடி உழைத்தது.

எங்கள் கோப்பு இன்றும் இருக்கிறது. புதிய வாசிப்பானில் ஏற்றும்போதெல்லாம் சில முகவரிகளுக்கு எதிரே பிழைக்குறி தோன்றும். அவற்றை நீக்கிவிடலாம்தான், இன்னும் நீக்கவில்லை.