கெல்ட்ரியா கோட்டையின் கம்பெனி ஊழியர்கள்

பழவேற்காடு ஏரி கடலில் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி, இன்று மீனவர் குப்பங்கள் சூழ்ந்திருக்கும் இடத்தில்தான் டச்சு கிழக்கிந்தியக் கம்பெனியின் சோழமண்டலத் தலைமையகம் இருந்தது. 1602இல் தொடங்கிய கம்பெனி 1610இல் இங்கே பண்டகசாலை வைத்தது. 1612இல் சாந்தோம் போர்ச்சுகீசியர் அதைத் தாக்க, அடுத்த ஆண்டே கெல்ட்ரியா கோட்டை எழுந்தது. இங்கிருந்து போன துணியைக் கொடுத்துத்தான் கிழக்குத் தீவுகளில் கிராம்பும் சாதிக்காயும் வாங்கினார்கள். அடிமைகளாக விற்கப்பட்ட மனிதர்களும் இதே கரையிலிருந்து பத்தேவியாவுக்கு (இன்றைய ஜகார்த்தா) கப்பலேற்றப்பட்டார்கள். கம்பெனியின் கணக்கில் அவர்களும் சரக்குதான்.

கோட்டைக்குள் வாழ்க்கை பதவியைச் சுற்றியே சுழன்றது. எழுத்தர், இளநிலை வணிகர், வணிகர், மூத்த வணிகர், எல்லோருக்கும் மேலே ஆளுநர். ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வந்த சிப்பாய்க்கு மாதம் ஏறக்குறைய 9 கில்டர். அதிலும் ஒரு பகுதி ஊர் திரும்பிய பிறகே கைக்கு வரும். சொந்த வணிகம் செய்வதில்லை என்று ஊழியர் சத்தியம் செய்ய வேண்டும். ஆனால் சம்பளத்தை மட்டும் நம்பி யாரும் கடல் தாண்டி வரவில்லை. துணியையும் வைரத்தையும் உள்ளூர் வணிகர் பெயரில் வாங்கி விற்பது மேலிருந்து கீழ்வரை நடந்தது. குறைந்த சம்பளமும் கடுமையான தடையும் ஒன்றாக இருந்ததே இதற்கு வேர். ஆட்களின் குணத்தை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

இந்த நிர்வாகத்தை உள்ளிருந்து பார்த்து எழுதியவர் டேனியல் ஹாவர்ட். மசூலிப்பட்டினத்திலும் கோல்கொண்டாவிலும் பணிபுரிந்துவிட்டு நாடு திரும்பிய அவர், ‘சோழமண்டலத்தின் எழுச்சியும் வீழ்ச்சியும்’ என்ற நூலை 1693இல் ஆம்ஸ்டர்டாமில் வெளியிட்டார். இக்கரையின் உள்விவகாரங்களை முழுக்கத் திறந்து காட்டுவதாக நூலின் நீண்ட தலைப்பே அறிவிக்கிறது. கம்பெனி ஊழியர்களின் கல்லறை வாசகங்களையும் அவர் அதில் தொகுத்துவைத்தார். பழவேற்காட்டுக் கல்லறைத் தோட்டத்தின் வாசலில் எலும்புக்கூட்டுச் சிற்பங்கள் இருக்கின்றன. உள்ளே கற்பலகைகளில் குலச்சின்னத்தோடு பதவியும் பொறிக்கப்பட்டிருக்கிறது. இறந்த பிறகும் மூத்த வணிகர் மூத்த வணிகர்தான்.

சொந்த வணிக முறைகேடுகள் கம்பெனியின் ஹாலந்து இயக்குநர்களின் காதுக்கும் எட்டியிருந்தன. 1684இல் அவர்கள் ஹென்ட்ரிக் வான் ரீடை விசாரணை ஆணையராக நியமித்தார்கள். கேரளத்துச் செடிகொடிகளைப் பற்றிய ‘ஹோர்த்துஸ் மலபாரிக்கூஸ்’ நூலை உருவாக்கியவர் இவரே. வங்காளம், சோழமண்டலம், இலங்கை, மலபார் என்று கம்பெனியின் இடங்களை ஆராய்ந்துகொண்டே போனவர், 1691இல் சூரத்துக்குச் செல்லும் வழியில் கப்பலிலேயே இறந்தார். ஊழியர்களின் சொந்த வணிகம் அவருடைய விசாரணையோடு முடிந்துவிடவில்லை.

ஹாவர்டுக்கு எழுத்தும் அச்சகமும் வாய்த்தன. கப்பலுக்கும் கரைக்கும் இடையே அலையில் சரக்கு ஏற்றி இறக்கிய படகோட்டிகளுக்கும், முன்பணம் வாங்கி நெய்த நெசவாளிகளுக்கும் அவை வாய்க்கவில்லை. கம்பெனியைச் சுமந்த அவர்களைக் கம்பெனியின் ஏடுகளில் பெரும்பாலும் கூலியாகவும் கடனாகவும்தான் காண முடிகிறது. வரலாற்றில் இது பெரிய இழப்பு.

தலைமையகம் 1690இல் நாகப்பட்டினத்துக்கு மாறியது. கம்பெனி 1799 இறுதியில் கலைக்கப்பட்டது. பலமுறை கைமாறிய பழவேற்காடு 1825இல் நிரந்தரமாக ஆங்கிலேயர் வசமானது.