பொத்தான் துளையும் தையற்பொறியும்

தையற்கடையில் தொழில் பழகச் சேரும் சிறுவனிடம் முதல் நாளே கத்தரிக்கோலைக் கொடுத்துவிடுவதில்லை. ஊசியில் நூல் கோக்கவும், பொத்தான் கட்டவும், அதன் பின்னர்க் காஜா எடுக்கவுமே அவன் பழக்கப்படுகிறான். 'காஜாப் பையன்' என்பதே அவனுக்குப் பெயராகிவிடுவதும் உண்டு. பொத்தான் நுழையும் துளையைத்தான் தையற்காரர் காஜா என்கின்றனர். பொத்தான் என்னும் சொல் போர்த்துக்கீசியரிடமிருந்து தமிழுக்கு வந்தது. காஜாவும் அம்மொழியில் வீட்டையும் பொத்தான் துளையையும் ஒருங்கே குறிக்கும் 'காசா' என்னும் சொல்லின் வழிவந்ததே என்பர். பொத்தான் குடியிருக்கும் வீடு என்னும் பொருள் எத்துணை அழகாகப் பொருந்துகிறது!

சிறுவனுக்குத் தரப்படும் வேலை ஆதலால் இஃது எளிய வேலை என்று எண்ணிவிடலாகாது. தையற்பொறியின் வரலாற்றைப் புரட்டுவோர்க்கு இங்கே ஒரு வியப்புக் காத்திருக்கிறது. கையால் நாள் முழுதும் தைக்க வேண்டிய நீண்ட தையல்களைப் பொறி விரைவிலேயே கற்றுக்கொண்டது. ஆனால், விரல் நுனியளவே உள்ள ஒரு துளையின் ஓரத்தைச் செம்மையாகக் கட்டுவதற்கு அதற்கு மேலும் ஒரு தலைமுறைக் காலம் பிடித்தது.

துணியில் ஒரு கீறல் கீறினால் அது துளையாகிவிடாது. வெட்டுண்ட இழைகள் ஒவ்வொன்றாகப் பிரியத் தொடங்கும். நாள்தோறும் பொத்தான் நுழைந்து வெளிவரும் உராய்வில் துளை விரிந்து கிழியும். இதனைத் தடுக்கவே கீறலின் இரு ஓரங்களையும் நெருக்கமாக நூலால் கட்டுகின்றனர். சாதாரணத் தையலில் நூல் துணியைத் துளைத்துச் செல்வதோடு சரி. காஜாத் தையலிலோ ஊசி ஒவ்வொரு முறை வெளிவரும்போதும் நூலை அதன்மேல் சுற்றி இழுத்து, கீறலின் விளிம்பிலேயே ஒரு சிறு முடிச்சை அமர்த்த வேண்டும். இம்முடிச்சுகள் மணிகோத்தாற்போல் வரிசையாக அமைந்து விளிம்பைக் காக்கின்றன. மேற்சட்டைகளில் உறுதிக்காக ஓரத்தின் உள்ளே தடித்த நூல் ஒன்றைப் படுக்க வைத்து, அதன்மேல் தைப்பர். துளையின் முடிவில் குறுக்குக் கட்டுப் போடுவர். பொத்தானின் காம்பு தங்குமிடத்தைச் சாவித்துளைபோல் வட்டமாக வெட்டுவதும் உண்டு. இத்தனையும் சேர்ந்ததே ஒரு காஜா. தேர்ந்த கைக்கும் இதற்குப் பல நிமிடங்கள் வேண்டும்.

ஆங்கிலக் குழந்தை இலக்கியத்தில் பெயர்பெற்ற பீட்ரிக்ஸ் பாட்டர் 1903இல் வெளியிட்ட 'குளோஸ்டர் நகரத் தையற்காரர்' என்னும் கதையில், நோயுற்ற கிழவருக்காக எலிகள் இரவோடு இரவாக ஒரு பட்டு மேலங்கியைத் தைத்து முடிக்கின்றன. ஒரே ஒரு காஜா மட்டும் எஞ்சிவிடுகிறது. அதற்குரிய முறுக்குநூல் போதவில்லை. சிறுவர் கதைதான்; எனினும் ஓர் ஆடை எங்கே முடிகிறது என்பதை அறிந்தவர் எழுதிய கதை.

இனிப் பொறியின் பக்கம் திரும்புவோம். பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தெலெமி திமோனியே 1830இல் சங்கிலித் தையலிடும் பொறிக்கு உரிமை பெற்றார். படைவீரர் சீருடை தைப்பதற்காகப் பாரிசில் அவர் நிறுவிய ஏறத்தாழ 80 பொறிகளை, பிழைப்புப் போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் அடித்து நொறுக்கினர். அமெரிக்காவில் வால்டர் ஹண்ட் என்பவர் 1830களிலேயே இரு நூல்கள் ஒன்றையொன்று பூட்டிக்கொள்ளும் பொறியை அமைத்தும், அதற்கு உரிமை கோராது விட்டார். தையல் வேலையால் வயிறு வளர்க்கும் பெண்களின் நிலையை எண்ணியே அவர் பின்வாங்கினார் என்று கூறுவர். அவரே 1849இல் பாதுகாப்பு ஊசிக்கு உரிமை பெற்றார் என்பது சுவையான செய்தி. காஜாவே இல்லாமல் துணியின் இரு முனைகளை இணைக்கும் கருவியன்றோ அது!

1846இல் எலியாஸ் ஹோ, 1851இல் ஐசக் சிங்கர், 1854இல் துணியைச் சீராக நகர்த்தும் பற்களை அமைத்த ஆலன் வில்சன் என இவர்கள் வழியாகத் தையற்பொறி முழுமை பெற்றது. ஆண்கள் அணியும் சட்டை ஒன்றைக் கையால் தைக்க 14 மணி 26 நிமிடம், பொறியால் தைக்க 1 மணி 16 நிமிடம் என்று வீலர் - வில்சன் நிறுவனம் 1860களின் தொடக்கத்தில் விளம்பரம் செய்தது. விற்பவர் சொல்லும் கணக்காயினும் வேற்றுமை பெரிதே.

ஆனால், இப்பொறிகள் அனைத்தின் இயல்பும் ஒன்றே. ஊசி ஒரே இடத்தில் மேலும் கீழுமாக இயங்கும், துணி ஒரே திசையில் முன்னோக்கி நகரும், விளைவது நேர்கோடு. காஜாவோ நேர்கோட்டுக்கு அடங்குவதன்று. ஒரு குத்து துணியின் உள்ளே விழுந்தால், அடுத்த குத்து கீறலின் விளிம்புக்கு அப்பால் விழ வேண்டும். ஒரு பக்கம் முடிந்ததும் வளைந்து திரும்பி மறுபக்கமாக வர வேண்டும். இன்னொரு முரண்பாடும் உண்டு. நல்ல பூட்டுத் தையலில் மேல்நூலும் கீழ்நூலும் சந்திக்கும் முடிச்சு துணியின் தடிப்புக்குள்ளே மறைந்திருக்க வேண்டும். காஜாவில் அம்முடிச்சே வெளியே வந்து விளிம்பில் அமர வேண்டும். மற்ற தையலில் குறையெனப்படுவது இங்கே குணமாகிவிடுகிறது. ஆகவே, பழைய பொறியைச் சற்றே திருத்தி அமைத்தால் போதும் என்று தொடங்கியவர்கள், அதன் அடிப்படைகளையே ஒவ்வொன்றாக மாற்ற வேண்டியதாயிற்று.

அமெரிக்காவில் காஜா தைக்கும் பொறிக்கென முதன்முதல் உரிமை பெற்றவர் செயின்ட் லூயி நகரத்தைச் சேர்ந்த சார்லஸ் மில்லர். ஆண்டு 1854. எனினும், உரிமை பெற்ற பொறிகள் எல்லாம் பட்டறைக்கு வந்து உழைத்துவிடுவதில்லை. தேவை வந்து கதவைத் தட்டும்போதுதான் வேகம் பிறக்கிறது. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. இலட்சக்கணக்கான வீரர்களுக்குச் சீருடை வேண்டியிருந்தது. சீருடையின் மார்பில் பொத்தான் வரிசை. ஒவ்வொரு பொத்தானுக்கும் ஒரு காஜா. மறு ஆண்டே, அதாவது 1862இல், ஹம்ஃபிரி என்பவர் ஒரு காஜாப் பொறிக்கும், ஹென்றி ஹவுஸ், ஜேம்ஸ் ஹவுஸ் என்னும் உடன்பிறந்தார் மற்றொன்றுக்கும் உரிமை பெற்றனர். ஹவுஸ் உடன்பிறந்தாரின் பொறியை வீலர் - வில்சன் நிறுவனம் வாங்கிக்கொண்டது. போருக்குப்பின், பிலடெல்பியா நகரில் 'அமெரிக்கக் காஜா, ஓரத்தையல், தையற்பொறி நிறுவனம்' என்று பெயரிலேயே காஜாவை முதலில் நிறுத்திய ஒரு நிறுவனம் எழுந்தது. வழக்கமான தையலையும் காஜாவையும் ஒரே பொறியில் தருவது அதன் பெருமை.

இங்கே ஒரு பெண்மணியின் பெயரைக் குறிப்பிடாது செல்லுதல் முறையாகாது. மெய்ன் மாநிலத்துப் போர்ட்லாந்தில் 1840இல் பிறந்த ஹெலன் அகஸ்டா பிளான்சர்டு, 1873இல் தையற்பொறித் திருத்தம் ஒன்றுக்கு உரிமை பெற்றார். தையல் இடமும் வலமுமாக மாறி மாறி விழுந்து, வெட்டுண்ட விளிம்பைத் தழுவிச் செல்லும் முறை அது. நம் காலத்தில் 'ஜிக்-ஜாக்' எனப்படும் தையலை உருவாக்கிய பெருமையை அவருக்கே அளிப்பது வழக்கம். அவர் தம் வாழ்நாளில் பெற்ற உரிமைகள் இருபதுக்கும் மேற்பட்டவை. தையல் என்றால் பெண்கள், பொறி என்றால் ஆண்கள் என்று பங்கிட்டுக் கொண்டிருந்த காலத்தில் இது சிறிய செயலன்று.

காஜாப் பொறியின் வரலாற்றில் திருப்புமுனை 1881ஆம் ஆண்டு ஆகும். அவ்வாண்டு ஏப்ரல் 26ஆம் நாள் ஜான் ரீஸ் என்பவருக்கு வழங்கப்பட்ட உரிமையின் எண் 240,546. அதுவரை, துணியை எவ்வாறு வளைத்துத் திருப்பி ஊசிக்குக் கீழே கொண்டுவருவது என்பதிலேயே பலர் கருத்துச் செலுத்தி வந்தனர். கனத்த மேற்சட்டையின் ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டு மொத்தச் சட்டையையும் சுழற்றுவது எளிதோ? சட்டையின் எடையே இழுத்துத் தையலைக் கோணலாக்கிவிடும். ரீஸ் சிக்கலைத் தலைகீழாக நோக்கினார். துணியை ஒரு பிடியில் இறுகப் பற்றி அசையாமல் நிறுத்திவிட்டு, ஊசியும் அதன் கீழுள்ள நூற்பொறியும் சேர்ந்த தைக்கும் அமைப்பு முழுவதையுமே துளையைச் சுற்றி நகரச் செய்தார். ஒரு பக்கம் தைத்து, சாவித்துளையின் கண்ணை வளைந்து சுற்றி, மறுபக்கமாகத் திரும்பி வரும் அவ்வமைப்பு, பணி முடிந்ததும் தானே நின்றது. துளையை வெட்டும் கத்தியும் அப்பொறியிலேயே இருந்தது. கைத்தொழிலாளிக்குப் பல நிமிடங்கள் பிடித்த வேலை விநாடிக் கணக்கில் முடிந்தது.

தையற்காரரின் கையும் இதைத்தான் செய்து வந்தது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். காஜா எடுப்பவர் துணியைச் சுழற்றிக்கொண்டிருப்பதில்லை. துணி மடிமீது கிடக்க, ஊசி பிடித்த கையே வளைந்து செல்கிறது. முப்பத்தைந்து ஆண்டுகள் சுற்றி வளைத்துப் பொறி மீண்டும் கையினிடமே வந்து சேர்ந்தது எனலாம்.

ரீஸ் பாஸ்டனில் நிறுவிய நிறுவனத்தின் வாணிக முறை அவருடைய பொறியைப் போலவே நுட்பமானது. பொறியை விற்காமல் வாடகைக்கு விட்டனர். ஒவ்வொரு பொறியிலும் எண்ணிக்கைக் கருவி ஒன்று பொருத்தப்பட்டிருந்தது; தைத்த காஜாக்களின் எண்ணிக்கைக்கு ஏற்பத் தொழிற்சாலை உரிமைப்பணம் செலுத்த வேண்டும். உலகின் எந்த மூலையில் அப்பொறியின் ஊசி அசைந்தாலும் அதன் கணக்கு நிறுவனத்தின் ஏட்டில் ஏறியது. இவ்வளவு ஊதியம் தரும் உரிமைக்குப் போட்டி எழாதிருக்குமா? குளோப் என்னும் மற்றொரு காஜாப் பொறி நிறுவனத்தோடு ஏற்பட்ட வழக்கு மேல்முறையீட்டு மன்றம் வரை சென்று 1894இல் தீர்ப்பாயிற்று.

அப்படியாயின் கைகளின் கதி என்ன? இவ்வினாவை விடுத்துப் பொறியின் பெருமையை மட்டும் பேசுதல் அரைகுறை வரலாறாகவே முடியும். நேர்த்தையல்கள் பொறிக்குச் சென்றபின், பொத்தான் கட்டுதல், உள்மடிப்புத் தைத்தல், காஜா எடுத்தல் முதலிய முடிப்பு வேலைகள் கைகளுக்கே எஞ்சின. நியூயார்க்கின் நெருக்கடியான குடியிருப்புகளில் குடியேறிய ஏழைப் பெண்களும் அவர்தம் குழந்தைகளும் விளக்கொளியில் இவ்வேலைகளைச் செய்தனர். ஜேக்கப் ரீஸ் என்னும் செய்தியாளர் 1890இல் வெளியிட்ட நூல் அவர்தம் வாழ்வை உலகறியச் செய்தது. பொறியாளர் ரீசும் இவரும் வெவ்வேறானவர். தமிழில் எழுதும்போது ஒலி ஒன்றிவிட்டது. காஜாப் பொறி பரவியபோது, முடிப்பு வேலைகளுள் காஜா மட்டும் வீடுகளைவிட்டுத் தனிப் பட்டறைகளுக்குப் பெயர்ந்தது. நாள் முழுதும் காஜாவைத் தவிர வேறெதுவும் செய்யாத பட்டறைகள் தோன்றின. தையற்கடைகளிலிருந்து சட்டை மூட்டைகள் அங்கே சுமந்து செல்லப்பட்டன. வேலையின் கடுமை குறைந்தது உண்மை. அதனால் வந்த ஊதியத்தில் உழைத்த கைகளுக்குக் கிடைத்த பங்கு சிறிது என்பதும் உண்மை. பொறி ஒவ்வொரு காஜாவையும் எண்ணியது. அதனை இயக்கியவரின் களைப்பை எண்ணுவதற்குக் கருவி ஏதும் பொருத்தப்படவில்லை.

பின்வந்த திருத்தங்களுள் ஒன்று குறிப்பிடத்தக்கது. முதலில் வெட்டிப் பின் தைப்பதா, முதலில் தைத்துப் பின் வெட்டுவதா என்பது தொழில்நுட்பரிடையே நெடுநாள் வினா. முதலில் வெட்டினால் நூல் விளிம்பை முழுதும் தழுவிக்கொள்ளும். கனத்த மேற்சட்டைக்கு அதுவே சிறப்பு. முதலில் தைத்தால் துணி குலையாது, வேகமும் மிகும். ஆனால் வெட்டிய இழைகளின் நுனி சற்றே வெளியே தெரியும். மெல்லிய பருத்திச் சட்டைகளுக்கு இந்த இரண்டாம் முறையே நிலைத்தது. சிங்கர் நிறுவனத்தின் 71ஆம் வரிசைப் பொறிகள் இவ்வகையைச் சேர்ந்தவை. கடையில் வாங்கிய சட்டையின் காஜாவை உற்று நோக்கினால் நுண்ணிய இழைகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அது கத்தி பின்னால் வந்ததன் அடையாளம்.

இல்லத்துப் பொறிக்கு வழி வேறாயிற்று. நேர்த்தையல் மட்டுமே அறிந்த வீட்டுப் பொறியில், துணியை அழுத்தும் பாதத்தைக் கழற்றிவிட்டு அவ்விடத்தில் மாட்டும் துணைக்கருவிகள் வந்தன. அதன் நெம்புகோலின் கவை ஊசிப்பிடியின் திருகைக் கவ்விக்கொள்ளும். ஊசி ஒவ்வொரு முறை ஏறி இறங்கும்போதும் கருவி துணியை இடவலமாக அசைக்கும். உள்ளே செருகிய சிறு உலோக அச்சு காஜாவின் நீளத்தையும் வடிவையும் தீர்மானிக்கும். ஊசி அசைய வேண்டிய இடத்தில் துணி அசைந்தது. 1930களில் இத்தாலியின் நெக்கியும் சுவிட்சர்லாந்தின் பெர்னினாவும் ஊசியே இடவலமாகச் செல்லும் வீட்டுப் பொறிகளை வெளியிட்டன. அதன்பின் இத்துணைக்கருவியின் தேவை மெல்ல மெல்லக் குறைந்தது.

இத்தனைக்குப் பின்னரும் இலண்டன் மாநகரின் சேவில் ரோ தெருவில், விலையுயர்ந்த மேற்சட்டைகளுக்குக் காஜாவைக் கையாலேயே எடுக்கின்றனர். அவற்றுள் ஒன்று கழுத்து மடிப்பின்மேல் அமைந்த காஜா. அதற்கு எதிரே பொத்தான் இருப்பதில்லை. விழா நாளில் ஒரு மலரைச் செருகுவதற்கென்றே அது இருக்கிறது. மலரின் காம்பைத் தாங்க, மடிப்பின் பின்புறம் நூலாலான ஒரு சிறு வளையமும் தைத்து வைப்பார்கள்.