தெற்கே தண்ணீர், வடக்கே தேவை: நியூசிலாந்தின் இரு தீவுகளும் ஒரு மின்வழக்கும்

1865-இல் நியூசிலாந்தின் தலைநகரம் ஆக்லாந்திலிருந்து வெலிங்டனுக்கு மாறியது. ஒட்டாகோவில் தங்கம் கிடைத்த பிறகு பணமும் ஆட்களும் தென் தீவில் குவிந்திருந்த காலம் அது. எங்கோ வடக்கே இருக்கும் ஆக்லாந்து தங்களை ஆள்வதா என்று தெற்கத்திக்காரர்கள் கேட்டார்கள்; தனிக் குடியேற்றமாகப் பிரிந்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. அதைத் தணிக்கவே இரு தீவுகளுக்கும் இடைப்பட்ட குக் நீரிணையின் கரைக்கு ஆட்சிபீடம் வந்தது. சரியாக நூறு ஆண்டுகள் கழித்து, 1965 ஏப்ரலில், அதே நீரிணையின் அடியில் போடப்பட்ட கேபிள்கள் வழியே தெற்கின் மின்சாரம் வடக்கே பாயத் தொடங்கியது. பழைய பிணக்கும் அதோடு சேர்ந்து புதுப்பிறவி எடுத்தது.

தெற்கு கொடுக்கிறது, வடக்கு எடுத்துக்கொள்கிறது என்பதே இந்தப் பிணக்கைப் பற்றிப் பரவலாகச் சொல்லப்படும் கதை. அறுபது ஆண்டு வரலாற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால் கதை அவ்வளவு நேரானதல்ல. தண்ணீர் யாருக்கு என்று தொடங்கிய சண்டை, வறட்சியில் யார் யாரைத் தாங்குவது என்று மாறி, கடைசியில் இணைப்பின் செலவு யார் தலையில் என்ற கணக்கு வழக்காக முடிந்திருக்கிறது.

ஆறுகள் ஓரிடம், ஆட்கள் வேறிடம்

மின்சாரத்தில் முந்திக்கொண்டது தெற்குதான். 1888-இலேயே அங்கிருந்த ரீஃப்டன் என்ற சுரங்க ஊரில் பொது மின்விநியோகம் வந்துவிட்டது. 1903-இல் இயற்றப்பட்ட சட்டம், ஆற்றுநீரிலிருந்து மின்சாரம் எடுக்கும் உரிமையை அரசின் கையில் வைத்தது. மறு ஆண்டு பொதுப்பணித்துறைப் பொறியாளர் பீட்டர் சீட்டன் ஹே நாட்டின் நீர்மின் வளங்களைக் கணக்கெடுத்து அறிக்கை தந்தார். 1914-இல் அரசின் முதல் பெரிய நீர்மின் நிலையமான லேக் கோல்ரிட்ஜ், கிறைஸ்ட்சர்ச் நகரத்துக்கு மின்சாரம் அனுப்பத் தொடங்கியது. தென்கோடியிலிருந்த சவுத்லாந்துக்காரர்கள் தங்கள் சொந்த மின்வாரியத்தின் மூலம் 1925-இல் மோனோவாய் நிலையத்தைக் கட்டினார்கள். கடன் கழுத்தை நெரித்ததால் 1936-இல் அதுவும் அரசிடம் போய்ச் சேர்ந்தது.

இதற்கிடையில் மக்கள்தொகை தராசு சாய்ந்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோதே வட தீவு தென் தீவை முந்திவிட்டது. இன்று நாட்டு மக்களில் நான்கில் ஒருவருக்கும் குறைவானவரே தெற்கில் வாழ்கிறார்கள். வடக்கின் வைக்காட்டோ ஆற்றில் அடுக்கடுக்காக அணைகள் எழுந்தும் போதவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய ஆண்டுகளில் வடக்கு மின்வெட்டுடனேயே காலம் தள்ளியது. மெரிமெரியில் நிலக்கரி, வைராக்கேயில் பூமிக்கடி நீராவி என்று கிடைத்த வழிகளிலெல்லாம் மின்சாரம் தேட வேண்டியிருந்தது. தெற்கிலோ பனிமலை உருகி ஓடிவரும் வைட்டாகியும் க்ளூத்தாவும் பெரும்பாலும் அணை காணாமல் ஓடிக்கொண்டிருந்தன.

தெற்கின் உபரியைக் கடலடியில் வடக்கே கொண்டுவரலாம் என்று 1950-இல் பொறியாளர் பில் லாட்டா ஓர் ஆய்வுரையில் முன்மொழிந்தார். குக் நீரிணையின் முரட்டு நீரோட்டத்தைக் கேபிள் தாங்குமா என்பதுதான் முதல் கேள்வி. பிரிட்டிஷ் கேபிள் நிறுவனம் ஒன்று அதை ஆராய்ந்து, முடியும் என்றது. 1961-இல் அரசு ஒப்புதல் தந்தது. வைட்டாகி ஆற்றின் குறுக்கே அப்போது எழும்பிக்கொண்டிருந்த 540 மெகாவாட் பென்மோர் அணை, இணைப்பின் தென்முனையாகத் தேர்வானது.

நீரிணையின் அடியில்

மாறுமின்னோட்டத்தை நீண்ட கடலடிக் கேபிளில் அனுப்பினால், கேபிளுக்கு மின்னேற்றம் கொடுப்பதிலேயே அதன் திறனில் பெரும்பங்கு போய்விடும். நேர்மின்னோட்டத்துக்கு அந்தச் சிக்கல் இல்லை. எனவே பென்மோரில் மாறுமின்னோட்டம் நேர்மின்னோட்டமாக மாற்றப்பட்டு, வெலிங்டனை அடுத்த ஹேவர்ட்ஸ் நிலையத்தில் மறுபடி மாறுமின்னோட்டமானது. மொத்த நீளம் சுமார் 610 கிலோமீட்டர். அதில் ஃபைட்டிங் பே முதல் ஓட்டெரங்கா பே வரையிலான 40 கிலோமீட்டர் கடலடி. 600 மெகாவாட் திறனுள்ள இந்த இணைப்புக்கு ஸ்வீடனின் ஆசியா நிறுவனம் பாதரச வில் வால்வுகளைத் தந்தது. ஒரு கம்பி பழுதானாலும் மின்னோட்டம் மண்ணின் வழியே திரும்பிவர இரு முனைகளிலும் ஏற்பாடு இருந்தது. வடமுனையில் கடற்கரையிலேயே அதற்கான மின்வாய்கள் புதைக்கப்பட்டன.

கேபிள் கிடக்கும் கடல்பகுதியில் இன்றும் மீன் பிடிக்கவோ நங்கூரம் போடவோ கூடாது. ரோந்துப் படகுகள் சுற்றிவருகின்றன. ஒரு நங்கூரம் தவறி விழுந்தால் இரண்டு தீவுகளின் மின்கணக்கும் குலைந்துவிடும்.

தெற்கத்திக்காரர்களின் மனக்குறை எளிமையானது. பள்ளத்தாக்கு மூழ்குவது இங்கே, ஆலைகள் பெருகுவது ஆக்லாந்திலா? மின்சாரம் உள்ளூரிலேயே தங்கினால் வேலை உள்ளூரில் வரும் என்ற வாதம் அங்கே எடுபட்டது. தென்கோடியிலுள்ள டிவாய் பாயின்ட்டில் 1971-இல் தொடங்கிய அலுமினிய ஆலை அந்த வாதத்தின் வடிவம்தான். நாட்டின் மின்சாரத்தில் எட்டில் ஒரு பங்கை அது ஒன்றே விழுங்கியது. அதற்காக மானபூரி ஏரியின் நீர்மட்டத்தை உயர்த்தும் திட்டத்தை எதிர்த்து 1970-இல் 2,64,907 பேர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்துக்குப் போனது. ஒட்டாகோவின் அரமோவானாவில் இன்னொரு ஆலை அமைக்கும் திட்டத்தை எதிர்த்தவர்கள், 1980-இல் அந்த இடத்தைச் 'சுதந்திர நாடு' என்றே அறிவித்தார்கள். ஆக, தண்ணீரை வடக்கே விடாதே என்பவர்களும் ஏரியைத் தொடாதே என்பவர்களுமாகத் தெற்கு இரண்டு அணியாக நின்றது.

திசை மாறிய மின்சாரம்

வடக்கு நோக்கியே கட்டப்பட்ட இணைப்பு, 1976-இல் கட்டுப்பாட்டு அமைப்பு மாற்றப்பட்டு, தெற்கே அனுப்பவும் தகுதி பெற்றது. காரணம் பருவநிலை. குளிர்காலத்தில்தான் மின்தேவை உச்சம். அந்த நேரத்தில் தெற்கின் மலைகளில் விழுவதெல்லாம் பனியாக உறைந்து நிற்கும்; வசந்தத்தில் உருகிய பிறகே ஏரிக்கு வரும். தெகாப்போ, புகாக்கி உள்ளிட்ட ஏரிகளின் சேமிப்பு நாட்டின் சில வாரத் தேவைக்கே போதும். ஆகவே வறண்ட ஆண்டில் வடக்கின் நிலக்கரியும் எரிவாயுவும்தான் தெற்கின் விளக்குகளையும் எரிய வைக்க வேண்டும்.

1992 குளிர்காலத்தில் தெற்கின் ஏரிகள் வற்றியபோது நாடே சிக்கனம் பிடித்தது. 2001-இல் பத்து வாரத்துக்குப் பத்து சதவீதம் குறையுங்கள் என்று அரசு கேட்டுக்கொண்டது. கொடுப்பவர் எப்போதும் தெற்குதான் என்ற எண்ணம் இந்த ஆண்டுகளில் ஆட்டம் கண்டது.

இணைப்பும் வயதாகிக்கொண்டே வந்தது. 1991-இல் புதிய கேபிள்களும் அதையொட்டித் தைரிஸ்டர் வால்வுகளும் சேர்க்கப்பட்டன. 2004 ஜனவரியில் புயற்காற்று மூன்று கோபுரங்களைச் சாய்த்தது. பாதரச வால்வுகள் 2012 ஆகஸ்டில் ஓய்வு பெற்றன. மறு ஆண்டு 700 மெகாவாட் திறனுள்ள 'மூன்றாம் முனையம்' என்ற புதிய மின்மாற்றுத் தொகுதி இயங்கத் தொடங்கி, மொத்தத் திறன் 1,200 மெகாவாட் ஆனது.

கம்பிக்கு யார் காசு?

1996-இல் மின்சார மொத்த விற்பனைச் சந்தை திறந்தபோது சண்டைக்குக் கணக்குப் புத்தகம் கிடைத்தது. சந்தை மின்வலையின் ஒவ்வொரு இணைப்பிடத்துக்கும் தனி விலை போட்டது. இணைப்பு நிரம்பி வழிந்தாலோ பழுதானாலோ தெற்கின் விலையும் வடக்கின் விலையும் பிரிந்துபோகும். இணைப்பின் கட்டணம் முழுவதும் தென் தீவின் மின் உற்பத்தியாளர்கள் மீதே விழுந்தது. கம்பி இருப்பதால்தானே வடக்கே விற்க முடிகிறது என்பது அதற்குச் சொன்ன நியாயம்.

வைட்டாகி நிலையங்களில் பெரும்பாலானவற்றையும் மானபூரி மின்நிலையத்தையும் கையில் வைத்திருந்த மெரிடியன் நிறுவனம் இதை ஏற்கவில்லை. வடக்கின் நுகர்வோருக்குக் கிடைக்கும் மலிவு மின்சாரமும், வறட்சியில் தெற்கு பெறும் உதவியும் பலன் இல்லையா என்று கேட்டது. கட்டணம் கணக்கிட்ட முறையும் கோணலாக இருந்தது. உச்சநேரத்தில் எவ்வளவு மின்சாரம் அனுப்பினார்கள் என்பதை வைத்து வசூலித்ததால், கூடுதலாக அனுப்பினால் கட்டணமும் கூடும் என்று உற்பத்தியாளர்கள் தயங்கினார்கள். பின்னாளில் அது சராசரி அடிப்படைக்கு மாறியது.

பலன் பெறுபவரே செலவைப் பகிர வேண்டும் என்ற புதிய முறையை மின்சார ஆணையம் 2016-இல் முன்வைத்ததும் எதிர்ப்பு வடக்கிலிருந்து கிளம்பியது. ஆக்லாந்தும் நார்த்லாந்தும் தங்கள் கட்டணம் ஏறும் என்று முறையிட்டன. கட்டணம் குறையும் என்று தெற்கு வரவேற்றது. நீண்ட இழுபறிக்குப் பின் 2023 ஏப்ரலில் அந்த முறை நடைமுறைக்கு வந்தது.

வரைபடத்தில் நீரிணை போட்ட கோடு அதற்குள் மங்கத் தொடங்கியிருந்தது. 2020-இல் டிவாய் ஆலை மூடப்போவதாக அறிவித்தபோது மிஞ்சும் மின்சாரத்தை வடக்கே கொண்டுசெல்லத் தடையாக நின்றது தென் தீவுக்குள்ளேயே க்ளூத்தாவுக்கும் வைட்டாகிக்கும் இடையிலுள்ள பழைய தடங்கள்; அவற்றை வலுப்படுத்த வேண்டியிருந்தது. ஆலை மூடவில்லை, 2024-இல் இருபது ஆண்டு ஒப்பந்தம் போட்டது. அதே ஆண்டு ஏரிநீரும் எரிவாயுவும் ஒருசேரக் குறைந்து, ஆகஸ்டில் விலை ஒரு மெகாவாட் மணிக்கு 800 டாலரைத் தாண்டியபோது, தெற்கின் அலுமினிய ஆலை ஒப்பந்தப்படி தன் பயன்பாட்டை 185 மெகாவாட் வரை குறைத்துக்கொண்டது. வட தீவின் நடுவே காகிதக்கூழும் மரமும் தயாரித்துவந்த வின்ஸ்டன் ஆலைகள் அந்த விலையைத் தாங்காமல் மூடப்பட்டன.

1991-இல் போட்ட கேபிள்களின் ஆயுள் 2030-களின் தொடக்கத்தில் முடிகிறது. அவற்றை மாற்றி, நான்காவதாக ஒன்றையும் சேர்த்து, திறனை 1,400 மெகாவாட்டாக உயர்த்த, நாட்டின் மின்வலையை நடத்தும் டிரான்ஸ்பவர் நிறுவனம் திட்டமிட்டிருக்கிறது. முந்தைய மூன்றாம் முனையத்தின் செலவு தெற்கின் உற்பத்தியாளர்கள் தலையில் விழுந்தது போல இம்முறை விழாது. யாருக்கு எவ்வளவு பலன் என்று இரு கரையிலும் கணக்கிட்டுத்தான் பங்கு பிரிப்பார்கள். இனி வரும் சண்டை அந்தப் பலன் கணக்கின் மீதுதான்.