எண்ணெய்க் குளியலும் இலை கொட்டுற காலமும்

 

போன தீபாவளி அன்னைக்கு காலையில ஆறு மணி இருக்கும். கோயில் வாசல்ல நின்னுக்கிட்டு இருந்தேன். பக்கத்து தாமான்ல தனியா இருக்கிற ஒரு பாட்டி வந்தாங்க. "தம்பி, விளக்குக்கு வச்சிருக்கிற நல்லெண்ணெயில ரெண்டு சொட்டு என் உச்சந்தலையில வச்சுவிடச் சொல்லுப்பா. வீட்டில ஆள் இல்லை"ன்னு கேட்டாங்க. தீபாவளிக்கு வயசுல மூத்தவங்கதான் எண்ணெய் வைக்கணும். அவங்களுக்கு மூத்தவங்க இனி யாரு இருக்கா? மகளிர் பிரிவு அக்கா ஒருத்தவங்க வச்சுவிட்டாங்க. பாட்டி கண்ணை மூடிக்கிட்டு நின்னது இன்னும் என் மனசுல இருக்கு.

அப்போ இருந்து இந்த எண்ணெய்க் குளியலைப் பத்தி யோசிச்சுக்கிட்டே இருக்கேன். இது எப்படி நம்ம கூட இந்த நாட்டுக்கு வந்தது?

பழைய தமிழர் ஒரு வருஷத்தை ஆறு பெரும்பொழுதாகப் பிரித்தார்கள். ஆவணி, புரட்டாசி கார்காலம். ஐப்பசி, கார்த்திகை கூதிர்காலம். மார்கழி, தை முன்பனி. மாசி, பங்குனி பின்பனி. சித்திரை, வைகாசி இளவேனில். ஆனி, ஆடி முதுவேனில். ஒவ்வொரு காலத்துக்கும் உணவு மாறும், தலைக்குச் செய்கிற பக்குவமும் மாறும். அக்னி நட்சத்திர வெயிலுக்கு நல்லெண்ணெய், வெந்தயம் ஊற வைத்து அரைத்துப் பூசுவது. ஐப்பசி அடைமழைக்கு எண்ணெயில மிளகும் சீரகமும் போட்டுக் காய்ச்சி, வெந்நீர்க் குளியல், பிறகு சாம்பிராணிப் புகையில முடியைக் காய வைப்பது. மார்கழி நோன்பில் பெண்கள் கூந்தலில் பூ கூட வைக்கமாட்டார்கள். வாரக் கணக்கும் உண்டு. பெண்களுக்குச் செவ்வாய், வெள்ளி. ஆண்களுக்குப் புதன், சனி.

இந்தக் கணக்கை அப்படியே தலையில வச்சுக்கிட்டுத்தான் நம்ம ஆளுங்க கப்பல் ஏறினாங்க. 1938 வரைக்கும் கங்காணிமார் ஊர் ஊராப் போய் ஆள் சேர்த்தாங்க. நாகப்பட்டினத்தில ஏறினவங்க பினாங்கில இறங்கினப்போ பார்த்தது வேற வானம். பனிக்காலமே கிடையாது. சித்திரையில அங்கே மண்டை பிளக்கிற வெயில், இங்கே மேற்குக் கரையில மத்தியானம் ஆனா இடியும் மழையும். தை மாசத்தில அங்கே பனி, இங்கே கெடா பக்கம் காய்ஞ்சு கிடக்கும். கணக்கு தலைகீழ். ஐப்பசி மட்டும்தான் அப்படியே பொருந்தியது. இங்கேயும் அக்டோபர், நவம்பர்ல நல்ல மழை. ஊர்க் கணக்குல மத்ததெல்லாம் ஒவ்வொண்ணா உதிர்ந்தும் தீபாவளிக் குளியல் மட்டும் நின்னதுக்கு இதுவும் ஒரு காரணம்னு நான் நினைக்கிறேன்.

மத்ததுக்கு என்ன செஞ்சாங்க? நான் கெடாவில ஒரு ரப்பர் தோட்டத்து லயத்தில பிறந்தவன். எங்க அப்பாயி பஞ்சாங்கம் பார்த்து எண்ணெய் வச்சு நான் பார்த்ததில்லை. மரத்தைத்தான் பார்ப்பாங்க. இருட்டோட பெரட்டுக்குப் போற பொம்பளைக்கு வெள்ளிக்கிழமை காலையில எண்ணெய் ஊற நேரம் ஏது? அன்றாடம் தேங்காய் எண்ணெய், அதுக்கு மேல இறுக்கித் தலைத்துணி. பால் முடியில ஒட்டிக்கிட்டா எண்ணெய் போட்டுத் தேய்ச்சுத்தான் எடுக்கணும், இல்லைன்னா கத்தரிக்கணும். ஆனா வருஷ ஆரம்பத்தில ரப்பர் மரம் இலை கொட்டும். பால் குறையும், வேலையும் குறையும். அந்த வெயில் காலத்திலதான் எங்க லயத்தில பொம்பளைங்க நிதானமா உட்கார்ந்து ஒருத்தர் தலைக்கு ஒருத்தர் எண்ணெய் வச்சுவிடுவாங்க, பேன் பார்ப்பாங்க, ஊர்க்கதை பேசுவாங்க. இந்த நாட்டுக்குன்னு ஒரு பருவத்தை அவங்களே கண்டுபிடிச்சு வச்சிருந்தாங்க.

தைப்பூசமும் அதே காலம்தான். தண்ணீர்மலைக்கு லாரியில போய் மொட்டை போட்டுக்கிட்டு வருவோம். பனிக்கால நேர்த்தி இங்கே சுடுவெயில்ல நடக்குது. மொட்டைத் தலையில சந்தனம் அப்பினதும் வருமே ஒரு குளிர்ச்சி, அது எதுக்குன்னு வெயில்ல நடந்தவனுக்குத் தெரியும்.

சாம்பிராணியைப் பத்தி ஒண்ணு சொல்லியாகணும். அது ஊரிலிருந்து வந்த பொருள்னுதான் நானும் நினைச்சிருந்தேன். அந்தப் பேர்ல பல வகை விக்கிறாங்க. ஆனா மலாய்க்காரங்க கெமெஞான்னு சொல்ற பிசின் சுமாத்ரா காட்டு மரத்துப் பால். அராபிய வணிகர்கள் அதை லுபான் ஜாவி என்று அழைத்தார்கள். சுமாத்ராவில் பாரூஸ் என்ற பழைய துறைமுகம் கற்பூரத்துக்கும் சாம்பிராணிக்கும் பேர் போனது. அதன் பக்கத்தில் லோபு துவாவில் 1088-ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு கிடைத்திருக்கிறது. ஐந்நூற்றுவர் என்ற வணிகக் குழு வைத்தது. ஆக, ஊர்ல அடைமழையில கூந்தல் உலர்த்தின புகைக்கு இந்தப் பக்கத்துக் காடும் பிசின் கொடுத்திருக்கு. இதை நினைச்சா எனக்கு இன்னும் ஆச்சரியம்தான்.

அப்புறம் காலம் மாறிச்சு. 1972-ல பாயான் லெப்பாஸ்ல தொழிற்பேட்டை வந்தது. தோட்டத்துப் பிள்ளைங்க பஸ் ஏறி பேக்டரிக்குப் போனாங்க. நானும் அப்படிப் போனவன்தான். மூணு ஷிப்டு. ராத்திரி வேலை முடிச்சு வந்து தூங்குறவளுக்கு வெள்ளி என்ன, செவ்வாய் என்ன? தலையில வலைத்தொப்பி போடணும், எண்ணெய் வாடை வந்தா பக்கத்து லைன்ல முகம் சுளிப்பாங்க. எண்ணெய் போச்சு, ஷாம்பு வந்தது. வருஷம் முழுக்க ஏர்கண்டிஷன்ல இருக்கிறவங்களுக்கு மழையும் வெயிலும் ஒண்ணுதான். தோட்டமும் துண்டு போட்டு வித்தாச்சு. இலை கொட்டுறதைப் பார்க்க மரமும் இல்லை. நான் யாரையும் குறை சொல்லலை, என் வீட்டிலயும் அதே கதைதான்.

மிச்சம் இருக்கிறது தீபாவளி ஒரு நாள். அதுவும் வச்சுவிட ஆள் இருந்தாத்தான்.

அதனால எங்க தொண்டர் குழுவில பேசி முடிவு பண்ணியிருக்கோம். இந்தத் தீபாவளிக்கு முதல் நாள் சாயங்காலம் நல்லெண்ணெய், சீயக்காய் பொட்டலம் கட்டுறோம். விடியற்காலை நாலரைக்கு மகளிர் பிரிவிலிருந்து ரெண்டு ரெண்டு பேராப் போய், தனியா இருக்கிற பெரியவங்க வீட்டில எண்ணெய் வச்சுவிட்டு, வெந்நீர் போட்டுக் கொடுத்துட்டு வருவாங்க. ஆம்பளைப் பெரியவங்களுக்கு நாங்க போறோம். வழுக்காத பாய் ஒண்ணும் கையில கொண்டுபோவோம், எண்ணெய்க் கால் ஆபத்து. உங்க தாமான்ல அப்படி யாராவது இருந்தா, அவங்ககிட்ட முதல்ல கேட்டுட்டு, கோயில் அலுவலகத்தில சொல்லுங்க. பேரை இங்கே எழுத வேண்டாம். சாம்பிராணித் தூபக்கால் ரெண்டுதான் இருக்கு, பழசு யார் வீட்டிலயாவது சும்மா கிடந்தா கொடுத்து உதவுங்க.